தென்கடல் தீவுக்கூட்டம்

சென்னை மாநகரின் வடகோடியில், கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் எண்ணூர் அமைந்துள்ளது. அதன் அருகே 2001 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என வழங்குகிறது. அங்கிருந்து கப்பல் ஒன்று புறப்பட்டுத் தெற்கு நோக்கியே செல்வதாகக் கொள்க. முதலில் திருவொற்றியூரும், அடுத்து இராயபுரமும், அதன்பின் சென்னைத் துறைமுகமும் வலப்புறத்தே தோன்றி மறையும். பின்னர் இலங்கையின் கிழக்குக் கரை தென்படும். அதன்பின் கரை ஏதும் இல்லை. நாள்தோறும் கீழே நீலக் கடலும் மேலே நீல வானமுமே காட்சி தரும்.

நிலநடுக்கோட்டைக் கடந்ததும் வெப்பம் சிறிது சிறிதாகத் தணியத் தொடங்கும். தெற்கே நாற்பதாம் அட்சரேகையைத் தாண்டிவிட்டால் கடலின் தன்மையே மாறிவிடும். மேற்கிலிருந்து ஓயாது வீசும் பெருங்காற்று கப்பலைத் தாக்கும். பாய்மரக் காலத்து மாலுமிகள் அப்பகுதிக்கு 'உறுமும் நாற்பதுகள்' என்று பெயரிட்டனர். அதற்கும் தெற்கே, எண்ணூரிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவில், கரும்பாறை மலைகள் பனிமுடி தரித்துக் கடலினின்று எழுந்து நிற்கும். அவையே கெர்கெலன் தீவுகள் ஆகும். நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் செல்லும் கப்பல் அங்கே சென்று சேர இரண்டு வாரம் பிடிக்கும்.

இத்தீவுகள் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தெற்கு அட்சரேகை 49 பாகையை ஒட்டி அமைந்துள்ளன. மக்கள் வாழும் பெருநிலம் எதுவும் அவற்றிற்கு அண்மையில் இல்லை. வடமேற்கே மடகாஸ்கர் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தெற்கே பனிக்கண்டமாகிய அண்டார்க்டிக்கா ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரிய தீவு ஒன்றும், அதனைச் சூழ்ந்து ஏறக்குறைய 300 சிறு தீவுகளும் பாறைத் திட்டுகளும் சேர்ந்ததே இக்கூட்டம். மொத்தப் பரப்பு சற்றேறக்குறைய 7,200 சதுர கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி 'பெருநிலம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பெரிய தீவிற்கே உரியது.

அப்பெரிய தீவின் வடிவம் வியப்பூட்டுவது. பண்டைக்காலத்துப் பனியாறுகள் நிலத்தை ஆழமாகக் குடைந்து சென்றன. அப்பள்ளங்களில் கடல்நீர் புகுந்தமையால், நீண்டு வளைந்த குடாக்கள் எப்பக்கமும் உண்டாயின. தீவின் நடுவே நிற்பவனுக்கும் கடல் வெகுதொலைவில் இராது. தெற்கே ராஸ் என்னும் மலைச்சிகரம் 1,850 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மேற்கே குக் பனிப்பரப்பு விரிந்து கிடக்கிறது. 1963 ஆம் ஆண்டில் அதன் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2001 ஆம் ஆண்டில் 400 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. உலகம் வெப்பமடைந்து வருவதன் அடையாளத்தை மனிதர் குடியிராத அந்நிலத்திலும் காணலாம்.

பாரிசு மாநகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 49 பாகையில் உள்ளது. கெர்கெலன் தெற்கே ஏறத்தாழ அதே 49 பாகையில் உள்ளது. ஞாயிற்றின் கதிர்கள் இரண்டிடத்தும் ஒரே சாய்வில்தான் விழுகின்றன. ஆயினும் கோடையில் பாரிசு நகரத்தார் மெல்லிய உடை அணிந்து உலவுகையில், கெர்கெலனின் கோடை வெப்பநிலை சராசரியாக 8 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிது. காரணம் யாது?

காரணம் கடலே. பாரிசுக்கு வெப்ப நீரோட்டத்தின் துணை உண்டு. கோடையில் சூடேறும் பரந்த நிலமும் உண்டு. கெர்கெலனைச் சுற்றிலும் குளிர்கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்டார்க்டிக்காவிலிருந்து வரும் தண்ணீர் வடக்கிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீரைச் சந்திக்கும் எல்லைக்கு அருகில் அத்தீவுகள் உள்ளன. கடல்நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. ஆதலின் அங்கே கோடையும் இல்லை. கொடிய பனிக்காலமும் இல்லை. குளிர்காலத்திலும் கடலோரத்தின் சராசரி வெப்பநிலை 2 பாகையளவில் நிற்கும். ஆண்டு முழுவதும் ஒரே குளிர், ஒரே மூட்டம், ஒரே காற்று என்பதே அந்நிலத்தின் தட்பவெப்பம்.

அக்காற்றின் வலிமை எண்ணூர்வாசிகளுக்குப் புயல் நாட்களில் மட்டுமே தெரிந்த ஒன்று. சராசரியாகவே மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே காற்று வீசுகிறது. 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் நாட்களும் அரியவை அல்ல. தென்னமெரிக்காவின் முனையைக் கடந்தபின் உலகைச் சுற்றிவரும் அக்காற்றைத் தடுத்து நிறுத்தப் பெருநிலம் எதுவும் இல்லாமையே இதற்குக் காரணமாகும். மழையிலும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கெர்கெலனின் கிழக்குக் கரையில் பெய்யும் மழை சென்னையின் மழையளவில் ஏறக்குறையப் பாதியே. ஆனால் அது தூறலாகவும் பனியாகவும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் விழுந்துகொண்டே இருக்கும்.

இத்துணைத் தொலைவிலுள்ள தீவுகளுக்கும் இந்திய நிலத்திற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிக்காவோடு ஒட்டிக் கிடந்தது. பின்னர் நிலம் பிளந்தது. இந்தியா வடக்கு நோக்கி நகரலாயிற்று. பிளவில் புகுந்த கடலே வங்கக்கடலாக விரிந்தது. அக்காலத்தே நிலத்தின் ஆழத்திலிருந்து பெருவெப்பம் ஓரிடத்தில் மேலெழுந்து, உருகிய பாறைக்குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தது. சார்க்கண்டு மாநிலத்திலுள்ள இராசமகால் குன்றுகளின் கரும்பாறைகள் அவ்வெப்ப ஊற்றோடு தொடர்புடையவை என நிலநூலார் கருதுகின்றனர். இந்தியா நகர நகர, அவ்வூற்றுக் கக்கிய பாறைகள் கடலடியில் நீண்ட மலைத்தொடராகப் படிந்தன. கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையை ஒட்டி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளத்திற்கு அத்தொடர் இன்றும் நீருக்கடியில் கிடக்கிறது. அவ்வெப்ப ஊற்றின் பெயரே கெர்கெலன் ஊற்று என்பது. கெர்கெலன் தீவுகளும் அதன் படைப்பே ஆகும்.

இன்று அத்தீவுகளில் மரம் என்பது ஒன்றுகூட இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் பாறைகளுக்கிடையே கல்லாகிப்போன மரத்துண்டுகள் கிடைக்கின்றன. முற்காலத்தே அங்கும் காடுகள் தழைத்திருந்தன என்பதற்கு அவை சான்றாகும். இப்போது அங்கே புல்லும், பாசியும், மெத்தைபோல் தரையோடு படர்ந்த செடிகளுமே உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது கெர்கெலன் முட்டைக்கோசு. பல மாதம் காய்கறி காணாது கடலில் திரிந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய் வருவதுண்டு. அந்நோயைத் தீர்க்கும் உயிர்ச்சத்து இக்கோசில் மிகுதி. ஆதலின் அதனைக் கண்ட மாலுமிகள் பொற்குவியலைக் கண்டவர்போல் மகிழ்ந்தனர்.

காற்று அங்குள்ள உயிர்களின் வடிவத்தையே மாற்றிவிட்டது. அத்தீவுகளுக்கே உரிய ஈக்களுள் சிலவற்றிற்குச் சிறகில்லை. பறக்க முயலும் பூச்சியைக் காற்று கடலுக்குள் தள்ளிவிடும். தரையில் ஊர்ந்து செல்வதே பிழைத்தது. செடிகளில் அமர்ந்து மகரந்தம் சுமக்கப் பறக்கும் பூச்சிகள் இல்லாமையால், அந்த வேலையைக் கோசுச் செடிக்குக் காற்றே செய்கிறது. கரையோரங்களில் அரச பென்குயின்களும், யானைச் சீல்களும், அகன்ற சிறகுடைய ஆல்பட்ரோசுப் பறவைகளும் கூட்டங் கூட்டமாக வாழ்கின்றன.

இந்நிலத்தை மனிதன் கண்டது 1772 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான். பிரெஞ்சு நாட்டுக் கடற்படை அதிகாரி கெர்கெலன் என்பவர் தெற்கே வளமான கண்டம் ஒன்றைத் தேடிவந்தார். மூடுபனியினூடே இத்தீவுகளைக் கண்டார். கரையில் காலடி வைக்கவில்லை. துணைக்கப்பலிலிருந்த சிலரே கரையேறினர். ஊர் திரும்பிய அவர், வளம் மிக்க 'தென் பிரான்சு' ஒன்றைக் கண்டதாக அரசருக்கு அறிவித்தார். அரசரும் நம்பி மீண்டும் அனுப்பினார். இரண்டாம் முறை சென்றபோது வளமும் இல்லை, மக்களும் இல்லை, விளைநிலமும் இல்லை என்பது வெளிப்பட்டது. கெர்கெலன் விசாரணைக்கு உள்ளாகிச் சிறை புகுந்தார். கண்டதை விட்டு விரும்பியதைச் சொன்னவர் அடைந்த பயன் அது.

1776 ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் ஆங்கிலக் கடலோடி சேம்சு குக் அங்கே நங்கூரம் பாய்ச்சினார். அவருடைய மாலுமிகள், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எழுத்துச் சுருள் அடங்கிய புட்டி ஒன்றைக் கண்டெடுத்தனர். குக் உள்ளதை உள்ளவாறே எழுதினார். அந்நிலத்தின் வெறுமையைக் கண்டு 'பாழ்நிலத் தீவு' என்னும் பெயரே அதற்குப் பொருந்தும் என்றார். அப்பெயரையும் பலர் வழங்கினர்.

பாழ்நிலம் எனப்பட்ட இடத்திற்கும் ஆசை வழி கண்டுபிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சீல் வேட்டைக்காரரும் திமிங்கில வேட்டைக்காரரும் அங்கே திரண்டனர். மென்மயிர்ச் சீல்கள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. யானைச் சீல்கள் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டன. சில பத்தாண்டுகளில் மென்மயிர்ச் சீல்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. வேட்டை ஓய்ந்த பின்னரே அவை மீண்டும் பெருகத் தொடங்கின.

1874 ஆம் ஆண்டு திசம்பர் 9 ஆம் நாள் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்றது. அக்காட்சியை உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அளந்தால், பூமிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடலாம் என்பது வானநூலார் துணிபு. அதன்பொருட்டு இங்கிலாந்து, செருமனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழுக்கள் கெர்கெலனில் பாசறை அமைத்தன. அதே ஆண்டில், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய இரகுநாதாச்சாரி, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். குளிர்த்தீவில் நின்றோரும் சென்னையில் இருந்தோரும் ஒரே வானத்தின் ஒரே நிகழ்ச்சியில் கருத்தைச் செலுத்தினர்.

அறிவைத் தேடிச் சென்ற அவ்வாண்டிலேயே ஒரு தவறும் நேர்ந்தது. பின்னாளில் வருவோருக்கு உணவாகட்டும் என்று எண்ணி, கப்பலில் கொண்டுவந்த முயல்களைத் தீவில் விட்டனர். முயல்களை உண்ணும் விலங்கு அங்கே இல்லை. அவை பல்கிப் பெருகின. முயலின் பல்லையே அறியாத கோசுச் செடியும் மெத்தைச் செடிகளும் அவற்றுக்கு இரையாயின. செடி அழிந்த இடத்தில் காற்று மண்ணை அரித்துச் சென்றது. எலிகளும் சுண்டெலிகளும் கப்பல்களிலிருந்து தாமே இறங்கின. அவற்றைப் பிடிக்க 1950களில் கொண்டுவந்த பூனைகள், எலிகளை விட்டுக் கடற்பறவைகளின் குஞ்சுகளைத் தின்னத் தலைப்பட்டன. ஒரு பிழையைத் திருத்தப் புகுந்து மற்றொரு பிழையைச் செய்த கதை இது. 1990களில் சிறு தீவுகள் சிலவற்றில் முயல்கள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன. செடிகள் சில மீண்டும் தளிர்த்தன. ஆயினும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பிரான்சு 1893 ஆம் ஆண்டில் இத்தீவுகளைத் தன்னுடையவை என உறுதிசெய்தது. 1950 ஆம் ஆண்டில் கிழக்குக் கரையில் ஆய்வுநிலையம் ஒன்றை நிறுவியது. நிலையான குடிகள் அங்கே இன்றும் இல்லை. குளிர்காலத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரும், கோடையில் நூறு பேருக்கு மேலும் தங்கி, வானிலையையும் கடலையும் உயிரினங்களையும் ஆராய்கின்றனர். வானூர்தி இறங்கும் தளம் இல்லை. ரீயூனியன் தீவிலிருந்து ஆண்டிற்குச் சில முறை வரும் கப்பலே அவர்களுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவருகிறது. 2019 ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் இத்தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இத்தனை தொலைவில் உள்ள தீவுகளைப்பற்றி எண்ணூர் மீனவர் அறிய வேண்டியது என்ன? அவரது கரையில் மோதும் அலைகளுள் சில அந்தத் தென்கடலில் பிறந்தவை என்பதே முதற்செய்தி. கெர்கெலனைச் சூழ்ந்த கடல்களில் பெரும்புயல் வீசும்போது எழும் அலைகள் அங்கேயே அடங்கிவிடுவதில்லை. உயரம் குறைந்து, நீளம் கூடி, அவை வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் நிலநடுக்கோட்டைக் கடந்து இந்தியக் கரையை அடைகின்றன. இலங்கைத் தீவு இடையே நின்று ஒரு பகுதியைத் தடுக்கிறது. எஞ்சியவை வங்கக்கடலுள் நுழைகின்றன.

தமிழகத்தில் கத்திரி வெயில் காயும் மேத் திங்களில் தென்கடலில் குளிர்காலம் நெருங்கும்; அங்கே புயல்கள் வலுக்கும். இங்கோ காற்று அசையாது. வானில் முகில் இராது. அவ்வமைதியான நாளில் கடல் திடீரெனப் பொங்கிக் கரைமேல் ஏறும். திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர் அதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். 2024 ஆம் ஆண்டு மேத் திங்கள் 6 ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வாறு பொங்கிய அலைகளில் சிக்கி உயிரிழந்தனர். ஐதராபாத்தில் 1999 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கடல்சார் தகவல் சேவை மையம், தென்கடலின் புயல்களைக் கண்காணித்து, அலைகள் வந்துசேரும் முன்பே கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. வானம் தெளிவாக உள்ளதே என்று அவ்வெச்சரிக்கையைப் புறக்கணிப்பது பேதைமையாகும்.

தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகளுக்கு மற்றொரு செயலும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளோடு சேர்ந்து, அவை கரை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே செல்கின்றன. சென்னைக் கரையோரம் கண்ணுக்குப் புலனாகாத மணலாறு ஒன்று ஓடுகிறது எனலாம். 1876 ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் அம்மணலாற்றின் குறுக்கே நின்றன. தெற்கே மணல் தேங்கி மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வராமையால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. மீனவர் தம் வீடுகளையும் வலை உலர்த்தும் இடங்களையும் இழந்தனர். கருங்கற்களைக் கொட்டித் தடுப்புச் சுவர் அமைத்தபின் அரிப்பு ஓரிடத்தில் தணிந்தது. அதற்கும் வடக்கே தலைகாட்டியது.

முயலின் கதையும் எண்ணூருக்குப் புறம்பானது அன்று. தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய ஒருவகைச் சிப்பி அண்மை ஆண்டுகளில் எண்ணூர்க் கழியில் பரவியுள்ளது. மீனவர் அதனைக் 'காக்கா ஆழி' என்பர். கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் கடல்நீரில் கலந்து அது வந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அது கழியின் அடித்தளத்தைக் கம்பளம்போல் மூடிவிடுகிறது. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லாது போகிறது. அவ்விறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழும் எளியோரின் பிழைப்பு கெடுகிறது. கெர்கெலனில் முயல் செய்ததை எண்ணூரில் சிப்பி செய்கிறது. அங்கே இழப்பு செடிக்கு. இங்கே இழப்பு மனிதனின் உலைக்கு.

ஆகவே, தொலைவு என்பது தனிமை அன்று. கடல் நிலங்களைப் பிரிப்பது போலத் தோன்றினாலும், காற்றாலும் அலையாலும் கப்பலாலும் அவற்றை இணைத்தே வைத்திருக்கிறது. ஆளில்லாத் தீவுதானே என்று விட்ட முயல்கள் ஒரு நிலத்தையே மொட்டையாக்கின. கடற்கரைதானே என்று எழுப்பிய சுவர் பல குப்பங்களைக் கரைத்தது. ஒன்றைச் செய்யுமுன் அதன் விளைவு எவ்விடம் வரை செல்லும் என்று எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. எண்ணூர்க் கரையில் நின்று ஓர் அலையைக் காணும் மாணவன், அது எங்கிருந்து புறப்பட்டது என்று வினவுவானாயின், நிலநூலின் முதற்பாடத்தை அவன் கற்றுவிட்டான் என்பதில் ஐயமில்லை.